கருப்பைக் கழுத்தில் வெட்டி எடுத்தது திரும்பி வருமா?

"வெட்டி எடுத்தாச்சுதானே மிஸ், பிறகென்னத்துக்குக் கிளினிக்?" என்று ஒரு அம்மா கேட்பார். அதே வாங்கில் இருக்கும் இன்னொருவர், "எனக்கு ஓரத்தில மிச்சம் இருக்காம், றிப்போட்டில போட்டிருக்கு. இனி என்ரை கதை முடிஞ்சுது" என்று கண்ணைத் துடைப்பார். கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா என்று வன்னியில் எங்கே இருந்தாலும் இந்த இரண்டு பேச்சும் காதில் விழும். முதலாமவருக்கு இருக்கவேண்டிய கவனம் இல்லை. இரண்டாமவருக்கு இருக்கத் தேவையில்லாத பயம் இருக்கிறது. கருப்பைக் கழுத்தின் கலங்களில் புற்றுநோய்க்கு முன்னர் வரும் மாற்றத்தை வெட்டி எடுத்த பிறகு அது திரும்புமா என்று வைத்தியர்கள் எதை வைத்துக் கணிக்கிறார்கள், அந்தக் கணிப்பை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை இருவருக்கும் யாரும் இருத்திச் சொல்லவில்லை. இந்தக் கட்டுரை அதற்குத்தான்.

## வெட்டி எடுத்தது புற்றுநோயா?

இல்லை. இதை முதலில் மனதில் பதிக்க வேண்டும்.

கருப்பையின் கீழ்ப்பகுதி ஒடுங்கி, யோனியின் உள் முனையில் வந்து முடிகிறது. அந்த ஒடுங்கிய பகுதிதான் கருப்பைக் கழுத்து. அதன் மேற்பரப்பை மூடியிருக்கும் கலங்களில் எச்.பி.வி என்ற வைரசு தொற்றும். அதில் 200க்கு மேற்பட்ட வகைகள் உண்டு. புற்றுநோய்வரை கொண்டுபோகக்கூடியவை ஒரு டசின் அளவுதான். அவற்றிலும் 16, 18 என்று இலக்கமிட்ட இரண்டு வகைகளே உலகில் வரும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயில் நூற்றுக்கு 70 அளவுக்குக் காரணம். பாலுறவு கொண்ட ஆண், பெண் எவருக்கும் வாழ்நாளில் ஒருமுறையாவது இந்த வைரசு தொற்றியிருக்கவே வாய்ப்பு அதிகம். பத்துத் தொற்றில் ஒன்பதளவை இரண்டு வருடத்துக்குள் உடம்பே அடக்கிவிடும். அடங்காமல் வருடக்கணக்கில் தங்கிவிடும் தொற்றுத்தான் கலங்களின் உருவத்தை மாற்றத் தொடங்கும்.

அந்த மாற்றத்தைச் சுருக்கமாக 'சின்' என்பார்கள். மேற்தோலின் தடிப்பில் கீழ் மூன்றில் ஒரு பங்கு மாறியிருந்தால் சின் 1, மூன்றில் இரண்டு பங்குவரை போயிருந்தால் சின் 2, அதையும் தாண்டி முழுத் தடிப்பையும் பிடித்திருந்தால் சின் 3. மூன்றிலுமே மாறிய கலங்கள் மேற்தோலுக்குள்ளேதான் இருக்கின்றன. அதற்கு அடியில் உள்ள சவ்வை உடைத்துக்கொண்டு ஆழத்துக்கு இறங்கினால்தான் அது புற்றுநோய். சின் 1 பெரும்பாலும் தானாகவே மறையும் என்பதால் பொறுத்துப் பார்ப்பார்கள். சின் 3 என்றால் பொறுப்பதில்லை.

ஏன் பொறுப்பதில்லை என்பதற்கு ஒரு வேதனையான சான்று இருக்கிறது. நியூசிலாந்தின் ஒக்லாந்து நகரில், 1960களிலும் 70களிலும், சின் 3 இருந்த பெண்கள் சிலருக்குச் சரியான சிகிச்சை கொடுக்காமல் வெறுமனே கண்காணித்து வந்தார்கள். 1987இல் அதுபற்றி அரச விசாரணை தொடங்கியது. பின்னர் அந்தப் பெண்களின் பதிவுகளைத் திரும்ப ஆராய்ந்தபோது, சிகிச்சை இல்லாமல் விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 31 பேருக்கு 30 வருடத்துக்குள் புற்றுநோய் வந்திருந்தது. ஒழுங்காகச் சிகிச்சை பெற்றவர்களில் அது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. அந்தப் பெண்களுக்கு இழைக்கப்பட்ட அநியாயத்திலிருந்துதான் இன்று நாங்கள் ஒன்றை உறுதியாகச் சொல்லமுடிகிறது: சிகிச்சை வேலை செய்கிறது, நன்றாகவே வேலை செய்கிறது.

## சிகிச்சையில் நடப்பது என்ன?

பெரும்பாலும் செய்வது 'லீப்'. மெல்லிய கம்பி வளையம் ஒன்றில் மின்சாரம் பாய்ச்சி, மாற்றம் இருக்கும் பகுதியைச் சீவி எடுப்பார்கள். அந்த இடத்தை மட்டும் விறைக்கச் செய்தால் போதும். சில நிமிடத்தில் முடிந்துவிடும். மாற்றம் உள்ளே ஆழமாகப் போயிருந்தால் கூம்பு வடிவில் கத்தியால் வெட்டி எடுப்பார்கள். எப்படி எடுத்தாலும் எடுத்த துண்டு குப்பைக்குப் போவதில்லை, ஆய்வுகூடத்துக்குப் போகிறது.

இதை விளங்க வயலுக்குப் போவோம். வரம்போரம் ஒரு திட்டாகக் கோரை பிடித்துவிட்டது என்று வையுங்கள். கையால் பிடுங்கினால் தலை மட்டும்தான் வரும் என்று வன்னியில் எவருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆகவே மண்வெட்டி போட்டு மண்ணோடு சேர்த்துக் கட்டியாக வெட்டித் தூக்குகிறீர்கள். தூக்கிய மண்கட்டியின் ஓரத்தைத் திருப்பிப் பார்க்கிறீர்கள். ஓரம் வெறும் மண்ணாக இருந்தால் நிம்மதி. ஓரத்திலேயே கோரையின் வேர் அறுபட்டுத் தெரிந்தால், மறுபாதி வயலில் கிடக்கலாம். ஆனால் ஓரம் சுத்தமாக இருந்தாலும், கொஞ்சம் தள்ளி மண்ணுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோரைக்கிழங்கு கிடக்கலாம். அதுவும் இல்லை என்றாலும், அடுத்த போகத்தில் வாய்க்கால் தண்ணீரோடு புதிதாக வரலாம்.

சிகிச்சைக்குப் பிறகு மாற்றம் மறுபடி தெரிவதற்கும் இதே மூன்று வழிகள்தான். வெட்டாமல் விடுபட்ட கலங்கள் ஒன்று. சுற்றியிருக்கும், பார்வைக்கு நல்லதாகத் தெரியும் கலங்களில் தங்கிவிட்ட வைரசு இரண்டாவது. புதிதாக வரும் தொற்று மூன்றாவது. 'திரும்பி வந்துவிட்டது' என்று ஊரில் பொதுவாகச் சொல்வதில் இந்த மூன்றும் கலந்து கிடக்கின்றன. கணிப்பு என்பது முக்கியமாக முதல் இரண்டையும் தேடுகிற வேலை.

## றிப்போட்டில் உள்ள அந்த ஒரு வரி

ஆய்வுகூடத்தில் துண்டின் வெட்டுப்பட்ட பக்கம் முழுவதற்கும் முதலில் மை பூசுவார்கள். பிறகு அதைப் பாண் துண்டு போடுவதுபோல் வரிசையாக அரிந்து, மெழுகில் பதித்து, தலைமயிரின் தடிப்பைவிடப் பலமடங்கு மெல்லிய படலங்களாகச் சீவி, சாயமேற்றி, நுணுக்குக்காட்டியின் கீழ் வைப்பார்கள். நோயியல் வைத்தியர் அந்த மைக்கோட்டைத்தான் தேடுகிறார். மாறிய கலங்கள் மைக்கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றால், கத்தி அவற்றுக்கு நடுவால் போயிருக்கிறது என்று பொருள். கிளினிக்கில் நீங்கள் கேட்கும் 'மார்ஜின் பொசிட்டிவ்' அதுதான். தமிழில் வெட்டு விளிம்பு என்போம். மைக்கோட்டுக்கும் மாற்றத்துக்கும் இடையில் நல்ல கலங்கள் நின்றால் விளிம்பு சுத்தம்.

விளிம்பும் ஒன்றல்ல. யோனிப் பக்கம் பார்த்த வெளி விளிம்பு ஒன்று, கருப்பைக்குள் போகும் பாதைப் பக்கம் பார்த்த உள் விளிம்பு இன்னொன்று. உள் விளிம்பில் மாற்றம் இருந்தால் வைத்தியர் கூடுதலாக யோசிப்பார். அந்த இடம் பார்வைக்கு எட்டாது, பரிசோதனைக் குச்சிக்கும் எளிதில் எட்டாது.

இந்த வரியைப் பார்த்துத்தான் பலர் ஒடிந்துபோகிறார்கள். அதனால் இலக்கங்களைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். 44,000க்கு மேற்பட்ட பெண்களைப் பற்றிய 97 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்த தொகுப்பு ஒன்று 2017இல் லான்செட் ஒன்கொலஜி என்ற மருத்துவ இதழில் வந்தது. அதன்படி, விளிம்பில் மாற்றம் இருந்த 100 பெண்களில் 17 பேருக்கே பின்னர் சின் 2 அல்லது அதற்கு மேற்பட்ட மாற்றம் காணப்பட்டது. மற்ற 83 பேருக்கு இல்லை. விளிம்பு சுத்தமாக இருந்தவர்களில் அது 100க்கு 4 பேருக்குச் சற்றுக் குறைவு.

மிச்சம் இருந்தும் 83 பேர் எப்படித் தப்பினார்கள்? கம்பி வளையத்தின் சூடு, வெட்டிய இடத்துக்கு அப்பாலும் சில கலங்களைச் சுட்டுவிடும். இரத்தம் நிற்பதற்காகவும் அந்த இடத்தைச் சுடுவார்கள். பிறகு புண் ஆறும்போது உடம்பின் எதிர்ப்புச் சக்தி முழுவதும் அங்கே திரளும். அதுவரை கண்டுகொள்ளாமல் விட்ட வைரசையும் பல தடவைகளில் அதுவே துடைத்துவிடும்.

ஆகவே விளிம்பில் மாற்றம் என்பது தீர்ப்பு அல்ல. சுத்தமான விளிம்பும் விடுதலைப் பத்திரம் அல்ல. மறுபடி மாற்றம் கண்டவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டோரையே விளிம்பு முன்கூட்டிக் காட்டிக்கொடுத்திருந்தது. மற்றவர்களின் றிப்போட்டில் விளிம்பு சுத்தம் என்றுதான் இருந்தது.

## வைரசு இன்னும் இருக்கிறதா?

விளிம்பு வெட்டிய அன்று என்ன நிலை என்று சொல்கிறது. எங்களுக்கு வேண்டியது, ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து உடம்பு என்ன செய்திருக்கிறது என்ற செய்தி. அதைச் சொல்வது எச்.பி.வி பரிசோதனை. செய்முறை பாப் பரிசோதனையைப் போன்றதுதான், கருப்பைக் கழுத்தில் மெல்லிய தூரிகையால் தடவி எடுப்பார்கள். ஆனால் பாப் பரிசோதனை கலங்களின் உருவத்தைப் பார்க்கிறது. இது வைரசின் மரபுப்பொருளையே தேடுகிறது.

1000 பெண்களுக்குச் சிகிச்சை நடந்தது என்று வைத்துக்கொள்வோம். மேலே சொன்ன தொகுப்பின் கணக்குப்படி, அவர்களில் சுமார் 66 பேருக்கு மாற்றம் மறுபடி காணப்படும். எல்லோருக்கும் எச்.பி.வி பரிசோதனை செய்தால் அந்த 66 பேரில் 60 பேரைப் பிடித்துவிடும், 6 பேர் தவறுவார்கள். மாற்றம் இல்லாத மற்ற 934 பேரில் சுமார் 150 பேருக்கும் வைரசு இருப்பதாகக் காட்டும்.

இப்போது பரிசோதனை முடிவு கையில் கிடைத்த பெண்ணின் பக்கத்தில் நின்று பாருங்கள். வைரசு இல்லை என்று வந்தவர்கள் கிட்டத்தட்ட 790 பேர். அவர்களில் 6 பேருக்குத்தான் மாற்றம், அதாவது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. சுத்தமான விளிம்பு தந்த நிம்மதியைவிட இது நாலைந்து மடங்கு உறுதியான நிம்மதி. வைரசு இருக்கிறது என்று வந்தவர்கள் கிட்டத்தட்ட 210 பேர். அவர்களில் 60 பேருக்கு மாற்றம் இருக்கிறது, 150 பேருக்கு இல்லை. வைரசு இருக்கிறது என்ற கடதாசியோடு அழுதுகொண்டு வருகிற நாலு பேரில் மூன்று பேருக்குக் கிட்ட, அந்த நேரத்தில் வெட்டவேண்டிய மாற்றம் எதுவும் இல்லை. ஆனால் அந்த நாலாவது பெண் யார் என்று பார்த்தே ஆகவேண்டும்.

பார்ப்பது கொல்பொஸ்கோபி என்ற பரிசோதனையில். பெரிதாக்கிக் காட்டும் கருவி ஒன்றால் கருப்பைக் கழுத்தைப் பார்ப்பார்கள். கருவி உடம்புக்குள் போவதில்லை, வெளியிலேயே நிற்கும். வினாகிரியில் இருக்கும் அதே அமிலத்தை ஐதாக்கித் தடவினால் மாறிய இடம் வெள்ளையாகத் தெரியும். சந்தேகம் இருந்தால் அந்த இடத்தில் சிறு துணுக்கு எடுத்து அனுப்புவார்கள்.

இதுவரை வந்ததைச் சுருக்கிச் சொன்னால்: விளிம்பு ஒரு துப்பு. எச்.பி.வி பரிசோதனை அதைவிட நல்ல துப்பு, குறிப்பாக வைரசு இல்லை என்று வரும்போது. இரண்டும் பெண்கள் கூட்டத்தில் எத்தனை பேருக்கு நடக்கும் என்று சொல்லும். உங்களுக்கு நடக்குமா என்பதைத் தொடர்ந்து பார்த்தால்தான் அறியலாம்.

## யாருக்குக் கூடுதல் கவனம்?

வயது 50ஐத் தாண்டியவர்களுக்கு மாற்றம் மறுபடி வரும் வாய்ப்புக் கூட. வயது போகப்போக மாற்றம் தொடங்கும் எல்லைக்கோடு கருப்பைக் கழுத்தின் உள்ளே ஏறிவிடும், வெட்டும்போது முழுதாக எட்டுவது கடினம். வைரசை விரட்டும் வேகமும் குறைகிறது. இது வன்னிக்குப் பெரிய விடயம். இலங்கையில் அரச வெல் வுமன் (பெண்கள் நலப் பரிசோதனை) கிளினிக்குகளில் 35 வயதிலும் 45 வயதிலும் பரிசோதனைக்கு அழைக்கிறார்கள். 2008, 2009இல் 35 வயதில் இருந்த வன்னிப் பெண்கள் அப்போது எங்கே இருந்தார்கள் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். பதுங்குகுழியிலும் பிறகு செட்டிகுளம் முகாமிலும் இருந்த பெண்ணிடம் பாப் பரிசோதனை செய்தீர்களா என்று யார் கேட்டிருப்பார்? அவர்களுக்கு இன்று 50 தாண்டிவிட்டது. முதல் பரிசோதனையையே இப்போதுதான் செய்கிறவர்கள் அவர்களுக்குள் இருக்கிறார்கள். அவர்களின் பின்தொடர் திகதிகளை நாங்கள் எல்லோருமாகச் சேர்ந்து காக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் அப்படியே: எச்.ஐ.வி உள்ளவர்கள், நீண்டகாலம் ஸ்டீரொயிட் மருந்து எடுப்பவர்கள், சிறுநீரகம் மாற்றியதால் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து குடிப்பவர்கள். வவுனியாப் பக்கம் சிறுநீரக நோய் இருக்கிற நிலையில், இந்த மருந்துகளைப் பற்றிப் பெண் நோயியல் கிளினிக்கிலும் மறக்காமல் சொல்லுங்கள். எச்.பி.வி 16 வகை இருந்தவர்களுக்கும் கவனம் கூட வேண்டும். புகைபிடிப்பதும் வைரசு தங்குவதற்கு உதவுகிறது.

## இது யாருடைய பிழை?

வைரசு மறுபடி தெரிந்தால் வீட்டில் முதலில் எழுவது சந்தேகம். கணவர்மேல், அல்லது மனைவிமேல். கணவரைப் போரில் இழந்து பத்துப் பதினைந்து வருடம் தனியாகப் பிள்ளை வளர்த்த பெண்ணிடம்கூட, "இது எப்படி வந்தது?" என்று கேட்கிற நாக்குகள் இருக்கின்றன.

எச்.பி.வி உடம்பில் பல வருடம் ஓசையில்லாமல் இருந்து, எதிர்ப்புச் சக்தி தளரும்போது மீண்டும் தெரியக்கூடியது. எந்த வருடம், யாரிடமிருந்து வந்தது என்று எந்தப் பரிசோதனையாலும் சொல்லமுடியாது. ஆண்களில் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. முடிவில் வைரசு இருக்கிறது என்று வருவதை எவருடைய நடத்தைக்கும் சாட்சியாக வைக்க மருத்துவத்தில் இடமே இல்லை. அப்படிப் பேசுகிறவர்களால்தான் பெண்கள் அடுத்த திகதிக்கு வராமல் நிற்கிறார்கள்.

## திகதிகள் ஏன் அப்படி வைக்கப்படுகின்றன?

வெட்டிய அடுத்த மாதமே பரிசோதித்தால் என்ன என்று கேட்கலாம். புண் ஆறாத இடத்தில் கலங்கள் குழம்பித் தெரியும். விலகிக்கொண்டிருக்கும் வைரசின் மிச்சமும் பரிசோதனையில் அகப்படும். அதனால்தான் பல நாடுகளில் ஆறு மாதம் பொறுக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 12 மாதத்தில் எச்.பி.வி பரிசோதனை செய்யச் சொல்கிறது. எச்.பி.வி பரிசோதனை கிடைக்காத இடத்தில் பாப் பரிசோதனையாலும் கொல்பொஸ்கோபியாலும் தொடர்ந்து பார்க்கலாம். உங்களுக்குரிய திகதி கிளினிக் கொப்பியில் வைத்தியர் எழுதியதுதான்.

ஒன்றிரண்டு தடவை நல்ல முடிவு வந்ததும் நிறுத்திவிட வேண்டாம். சின் 3க்குச் சிகிச்சை பெற்ற பெண்களுக்கு, மற்றப் பெண்களோடு ஒப்பிட்டால், 20 வருடத்துக்குப் பிறகும் புற்றுநோய் வாய்ப்புக் கொஞ்சம் கூடவே இருக்கிறது. அமெரிக்க வழிகாட்டி குறைந்தது 25 வருடம் தொடரச் சொல்வது அதனால்தான், இடைவெளி மட்டும் போகப்போக நீளும்.

மல்லாவியிலிருந்தோ புதுக்குடியிருப்பிலிருந்தோ பெரிய வைத்தியசாலைக்குப் போய்வருவது ஒரு முழு நாள். பஸ் காசு, அன்றைய கூலி, பள்ளிவிட்டு வரும் பிள்ளை எல்லாம் அதில் அடக்கம். பெரும்போக அறுவடைக்குள் திகதி விழுந்தால் பலர் போகமாட்டார்கள். வெட்கப்படாமல் கிளினிக்கிலேயே சொல்லி முன்னே பின்னே ஒரு கிழமை மாற்றிக் கேளுங்கள். ஒரு கிழமையால் ஒன்றும் ஆகாது, ஒரேயடியாக விட்டுவிடுவதுதான் ஆபத்து. போகும்போது பழைய ஆய்வுகூட அறிக்கையையும் கொண்டுபோங்கள். இடையில் பாலுறவுக்குப் பின் இரத்தம் கண்டாலோ, மாதவிடாய் நின்ற பிறகு இரத்தம் பட்டாலோ திகதி வரும்வரை இருக்க வேண்டாம்.

## ஏன் ஒரேயடியாகப் பெரிதாக வெட்டவில்லை?

நல்ல கேள்வி. வெட்டும் ஆழம் கூடக்கூட, பின்னர் கர்ப்பமானால் மாதம் நிறையாமல் பிள்ளை பிறக்கும் வாய்ப்பும் கூடும், குறிப்பாக ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் ஆழமாக வெட்டினால். இனித்தான் பிள்ளை பெறப்போகிற 28 வயதுப் பெண்ணுக்கு வைத்தியர் கையை அடக்கி வெட்டுவது அதற்காகத்தான். விளிம்பில் கொஞ்சம் மிச்சம் இருந்தால், உடனே திரும்ப வெட்டாமல் ஆறு மாதம் பொறுத்துப் பார்ப்பதிலும் அதே கணக்குத்தான் இருக்கிறது.

2017இலிருந்து ஆறாம் தரப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளியில் போடும் எச்.பி.வி தடுப்பூசி, ஏற்கனவே தங்கிவிட்ட வைரசை விரட்டாது. அது வருமுன் காப்பது. தாய்க்குச் சிகிச்சை நடந்திருந்தால் மகளின் ஊசியைத் தவறவிடாதீர்கள்.

கருப்பையையே எடுத்துவிட்டால் எல்லாம் தீர்ந்ததுதானே என்பார்கள். தீராது. கருப்பைக் கழுத்து இல்லாவிட்டாலும் யோனியின் மேல் முனையில் அதே வைரசு அதே மாதிரி மாற்றத்தை உண்டாக்கலாம். இந்த மாற்றத்துக்காகக் கருப்பை எடுத்தவர்களுக்கும் அந்த முனையிலிருந்து தடவி எடுத்துப் பரிசோதிப்பார்கள், அவர்களின் கொப்பியிலும் திகதி இருக்கும்.